கல்வெட்டு எண் பதினேழு

கூட்டம் பத்தரைக்கு என்று நோட்டீஸ்.
பதினொன்றேகாலுக்கும் கல்யாண மண்டப மேடையில்
முந்தின நாள் தெர்மாகோல் எழுத்துகள்:
'ரேணுகோபால் வெட்ஸ் ச' வரை இருந்தது.
மிச்சத்தை யாரோ பிய்த்துப் போயிருந்தார்கள்.
அதன் கீழே பேனர் கட்டினோம்:
குடியாத்தம் – காட்பாடி சாலை நான்கு வழியாக்கம்,
பொதுமக்கள் கருத்துக் கேட்பு.

நான் குறிப்பெடுக்க வந்தவள்.
வாரியத்தில் இளநிலை உதவியாளர்.
ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டம்:
பெயர், கருத்து, பதில்.
பதில் கட்டத்தை நேற்றே
அடித்து வைத்துவிட்டார் கண்காணிப்பாளர்,
மேலிருந்து கீழ்வரை ஒரே வரி:
கவனத்தில் கொள்ளப்பட்டது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை.
தமிழ்ச் சுருக்கம் பதினான்கு பக்கம்.
திரையில் ஒன்பது நிமிடம்.
புளி நானூற்று ஆறு, வேம்பு அறுபது,
தூசி இத்தனை மைக்ரோகிராம்.
இருபத்தொன்றாம் கிலோமீட்டரில்
'பருவகால வடிகால்' ஒன்று,
அதற்கு ஒரு மீட்டர் குழாய் போதும்.
மின்விசிறிக் காற்றில் திரை ஆடியது.
நேர்க்கோட்டில் வரைந்த சாலை கொஞ்சம் நெளிந்தது.

ஆட்டோ ஸ்டாண்டு சம்பங்கி:
"யூ-டர்ன் மூணு கிலோமீட்டர் தள்ளிக் கீது.
எதிர்க்கடையில டீ குடிக்க
போக வர ஆறு கிலோமீட்டரா சார்?"
சிரிப்பு. கவனத்தில் கொள்ளப்பட்டது.

பீடி சுற்றும் பர்கத்துன்னிசா:
"கடைக்குக் காசு போட்டிருக்கீங்க.
கடை முன்னாடி நிழலுக்குப் போடல.
நாங்க பத்து பேரும் சுத்தறது அந்த நிழல்லதான்."
'நிழல்' என்று எழுதினேன்.
இழப்பீட்டு அட்டவணையில் அந்தத் தலைப்பு இல்லை.

வஜ்ஜிரவேலு எழுந்தபோது மண்டபம் அடங்கிற்று.
போன தையில் போன அவர் மகன்
அறிக்கையில் இருக்கிறான், பெயரில்லாமல்,
பக்கம் நூற்றுத் தொண்ணூறில்:
'விபத்துக் காரணி: சாலையோர மரம்.'
"ரோடு வேணும். நாளைக்கே ஆரம்பிங்க.
வளைவ நிமித்துங்க.
ஆனா மரத்து மேல கேசு எழுதாதீங்க.
அது நின்ன எடத்துலயேதான் நின்னுச்சி."
மைக்கைத் திருப்பித் தராமல்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
மைக்செட்காரரும் கேட்கவில்லை.

அதனால் முனிலட்சுமி மைக் இல்லாமலே பேசினாள்.
நூறு நாள் வேலையில் தளப் பொறுப்பு அவளுக்கு.
"வடிகால்னு போட்டிருக்கீங்களே, அது கோணை ஓடை.
நாலு வருசமா தூர் வாரிக் கீறோம்,
மஸ்டர் ரோல் என் பையில கீது.
போன ஐப்பசியில தண்ணி
பள்ளிக்கூடத்துக் கரும்பலகையத் தொட்டுச்சி.
ஒரு மீட்டர் குழாயில இன்னா போவும்?
அந்தக் கல்வெட்டு பத்தாது சார்."

ஆலோசகர் சொன்னது கல்வெர்ட்.
ஊர் வாயில் அது கல்வெட்டு.
நான் ஊர் சொன்னபடியே அடித்தேன்.

அன்றிரவு அலுவலகத்தில்
ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பழைய வரியை அழித்தேன்:
'வடிகால் அன்று, ஓடை. நேரில் அளக்கப்படும்.'
எண்பது பக்கத்துக்கும் கண்காணிப்பாளர்
டீ ஆறுவதற்குள் கையெழுத்திட்டார்.

பதினாறு மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை.
யூ-டர்ன் அங்கேயேதான்.
நிழலுக்கு இன்னும் தலைப்பில்லை.
நானூற்று ஆறு புளி நானூற்று இரண்டாகியிருந்தது,
தப்பித்த நாலு எவை என்று இல்லை.
விபத்துக் காரணி, மரமே.
பக்கம் முந்நூற்று ஏழில் ஒரு சொல் மாறியிருந்தது.
ஓடை.
ஓடையென்று ஒப்புக்கொண்டால் குழாய் போட முடியாதாம்.
மூன்று கண் பாலம்.

போன வாரம் பஸ்ஸில் அவ்வழியே போனேன்.
காயாத கான்கிரீட்டில்
யாரோ மேஸ்திரி ஆணியால் கீறியிருந்தார்:
கல்வெட்டு 17.
ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
நடுக்கண்ணின் நிழலில் மூன்று ஆடு படுத்திருந்தன.
அடுத்து வளைவு வந்தது.
டிரைவர் ஹாரனில் கை வைத்தார்,
எடுக்க வெகுநேரம் ஆயிற்று.